டிரையர் வாயில் ஒரு ஜோடிச் செருப்பு

உள்ளறையில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். வாசற்படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்ற ஸ்பேனருக்கு அது நெஞ்சுக்குள்ளேயே விழுந்தது போலிருந்தது. வேலை முடிந்து அவன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் தங்கை கொடுக்கும் வரவேற்பு இதுதான். ஏசுவதில்லை, அழுவதில்லை. அண்ணனின் காலடி கேட்டதும் எழுந்து போய்த் தாழ் போட்டுக்கொள்வாள்.

இன்று கூடத்தில் புதிதாக ஒன்று இருந்தது. சுவரோரம் அவளுடைய பெட்டி, கயிறு சுற்றித் தயாராக நின்றது. நாளைக் காலை வண்டியில் நாத்தனார் வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வரப்போவதில்லை என்றும், வண்டி ஏற்றிவிட அண்ணன் வரக் கூடாது என்றும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லியனுப்பியிருந்தாள். ஒரே கூரையின் கீழே இருக்கிற அண்ணனுக்கு அடுத்தவர் வாயால் சேதி.

ஸ்பேனர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ஸ்பேனர் ஒன்றைச் செருகியிருப்பதால் சலவைக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். ஒரே நிர்வாகத்தின் கீழே இருந்த நாலைந்து ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணியெல்லாம் அந்த ஒரு நிலவறைக் கூடத்துக்குத்தான் வரும். 'பெரிய ஆஸ்பத்திரியில் வேலை' என்று அவன் சொன்னால் கேட்பவர்கள் உடனே முதுகுவலிக்கு மாத்திரை கேட்பார்கள். அவன் வைத்தியம் பார்த்ததெல்லாம் இயந்திரங்களுக்கு. ஆளுயர வாஷிங் மெஷின்களுக்கு பெல்ட் மாற்றுவான். துணி உலர்த்தும் டிரையரின் வலையில் அடைத்த பஞ்சை வாரி எடுப்பான். ரத்தம் காய்ந்த விரிப்புகளோடு ஊசி, கத்தரி, யாருடையதோ பல்செட் எல்லாம் மெஷினின் சுழலும் டிரம்முக்குள் வந்து சேரும். ஒருமுறை பச்சைக் குழந்தையின் காலுறை ஒன்று கிடைத்தது. எந்த வார்டில் கொண்டுபோய்க் கொடுப்பது, அங்கே வாங்கிக்கொள்ள யாராவது இருப்பார்களா என்று தெரியாமல் நாள் முழுக்க அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

அந்த வேலைக்குத் தங்கையின் கணவனை அழைத்து வந்ததும் அவன்தான். மாப்பிள்ளை வந்த பிறகுதான் அந்தப் பாதாளத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்றாவது டிரையருக்கு 'மாமியார்' என்று பெயர் சூட்டியவன் அவன். எப்போதும் சூடு, எப்போதும் உறுமல், எதைப் போட்டாலும் சுருட்டித்தான் கொடுக்கும் என்பான்.

"உன் மாமியார் எங்கம்மாடா" என்று ஸ்பேனர் முறைத்தால், "அதனாலதான் மச்சான் பாத்ததும் கண்டுபிடிச்சேன்" என்பான்.

பழுது பார்க்க டிரையருக்குள் ஏறுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும் என்பது விதி. பூட்டு எப்போதோ தொலைந்துபோயிற்று. புதிதாக வாங்கித் தருகிறேன் என்ற சூப்பர்வைசர் வாங்கித் தரவே இல்லை. சுவிட்சை அணைத்தால் பக்கத்து டிரையர்களும் நின்றுவிடும். விரிப்பு எங்கே, துண்டு எங்கே என்று வார்டுகளிலிருந்து போன் மேல் போன் வரும். அதனால் மெக்கானிக்குகள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். டிரம்முக்குள் வெறுங்காலோடுதான் வழுக்காமல் நிற்க முடியும். கழற்றிய செருப்பை டிரையரின் வாய்க்கு நேரே, முனை உள்பக்கம் பார்க்கும்படி வைத்துவிட்டு ஏறுவார்கள். வாசலில் செருப்பு கிடந்தால் வீட்டில் ஆள் உண்டு, கிடக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. பொத்தானை அழுத்தும் முன் 'உள்ள யாரு?' என்று குரல் கொடுப்பதும் அந்த வழக்கத்தில் பாதி. ஆனால் செருப்பு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதனால் குரல் கொடுப்பது மெல்ல மெல்ல நின்றுபோயிற்று.

நிர்வாகத்தின் பெரிய அதிகாரிகள் பார்வையிட வந்த நாள் அது. டிரம்முக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவே சிக்கிய விரிப்பை எடுக்க மாப்பிள்ளை மாமியாருக்குள் ஏறினான். பெல்ட் எடுத்துவர ஸ்டோருக்குப் போயிருந்த ஸ்பேனர் திரும்பி வந்தபோது டிரையர் கதவு திறந்திருந்தது. முன்னால் தரை பளிச்சென்று வெறுமையாகக் கிடந்தது. மாப்பிள்ளை வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தான். உள்ளே எட்டிப் பார்க்காமல் கதவைச் சாத்தினான். பொத்தானை அழுத்தினான்.

எந்த இயந்திரத்தின் நோவையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவன் அவன். அன்று கேட்ட சத்தத்தை இன்றுவரை வேறெந்தச் சத்தத்தாலும் அவனால் மூட முடியவில்லை.

விசாரணையில் "நான் பாக்கலை" என்ற ஒரே வார்த்தையைத்தான் சொன்னான். விசாரணை அறை வாசலில் நின்று தங்கையும் அதைக் கேட்டாள். செருப்பு கிடந்தது, அண்ணன் பார்க்கவில்லை என்றுதான் அவள் புரிந்துகொண்டாள். அன்று விழுந்தது அந்தத் தாழ்ப்பாள். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். மாமியார் இன்னும் ஓடுகிறது. பொத்தானை அழுத்துவதும் அவன்தான்.

ஸ்பேனர் உள்ளே வந்து கதவைச் சாத்திய சற்றைக்கெல்லாம் வாசல் கதவு தட்டப்பட்டது. திறப்பதற்குள் வாசனையே ஆளைச் சொல்லிவிட்டது. சலவைக்கூடத்தில் தரை துடைக்கும் பினாயிலக்கா. மற்றவர்கள் கேலியாக வைத்த அந்தப் பெயரை அவள் மறுத்துப் பேசியதே இல்லை. வெளியே செருப்பைக் கழற்றி உதறிவிட்டு, சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கியபடி உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"அப்ப நெசமாவே போகுதா தங்கச்சி? அதுகிட்ட நான் ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன் தம்பி."

ஸ்பேனர் உள்ளறைப் பக்கம் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, சொல்ல ஒன்றுமில்லை, போய்வாருங்கள் என்றான்.

"ஒண்ணுமில்லையா? நீதான் பாத்தியே. ஸ்டாண்டையும் பாத்தே, என்னையும் பாத்தே."

பார்த்தான்தான். மாப்பிள்ளையை வெளியே எடுத்துக் கிடத்தியபோது நிமிர்ந்த ஸ்பேனரின் கண்ணில் பட்டது எதிரே இருந்த செருப்பு ஸ்டாண்டு. வார் அறுந்த இடத்தில் செம்புக் கம்பி முறுக்கிய மாப்பிள்ளையின் நீலச் செருப்பு, மேல்தட்டில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் துடைப்பத்தைப் பிடித்தபடி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள் பினாயிலக்கா. வார்டிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்தவள். தரையில் ஒரு துரும்பு கிடக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் விரட்டியிருந்தார். செருப்புக்கு அங்கே என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"செருப்பை எடுத்து வெச்சது நான்தான்னு ஏன் தம்பி மறைச்சே? சோத்துல கை வெச்சா அந்தச் செருப்புதான் கண்ணுக்கு முன்னால நிக்குது."

"சொல்லியிருந்தா பழியை உங்க தலையில கட்டியிருப்பாங்க. மெயின் பூட்டு எங்கன்னு ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்" என்றான் ஸ்பேனர். உள்ளறைப் பக்கம் கண்ணைக் காட்டினான். "அவளுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேணும்க்கா. அது நானா இருந்துட்டுப் போறேன். கூடப்பிறந்தவன், தாங்கிக்குவேன். நீங்க கிளம்புங்க."

'டக்' என்றது உள்ளறை. இந்த முறை தாழ் விழவில்லை, விலகியது.

தங்கை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ நாளாக அண்ணன் பார்க்காத முகம். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, அவர்களுடைய அம்மாவின் கடைசிக் காலத்து முகம் போலிருந்தது. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை.

"எங்க வெச்சீங்க?" என்று பினாயிலக்காவைக் கேட்டாள்.

"ஸ்டாண்டுலம்மா. மேல்தட்டுல. தொடைச்சுதாம்மா வெச்சேன்."

மண்ணெல்லாம் போகத் துடைத்து வைத்த அந்தச் செருப்பைத் தங்கை மனதுக்குள் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடித் திறந்தாள். இப்போது வாயில் வருவது சாபமாகத்தான் இருக்கும் என்று ஸ்பேனர் ஓரடி முன்னே வந்தான். ஆனால் அவள் குரல் உயரவில்லை.

"உங்ககிட்ட யாரும் சொல்லலை. உங்களுக்கு எப்படித் தெரியும்."

பினாயிலக்கா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தங்கை இப்போதுதான் மெல்லத் திரும்பினாள்.

"நான் யார் மேல கோபப்படணும்னு நீ முடிவு பண்ணிட்டியா?"

அவன் தலை குனிந்தான்.

"அண்ணா."

மாப்பிள்ளை போன பிறகு அவள் அப்படிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்காக அவன் எத்தனை இரவுகள் கூரையைப் பார்த்துக் கிடந்திருக்கிறான். அது வந்தது, கூடவே கத்தியையும் கொண்டு வந்தது.

"ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

ஸ்பேனரின் வாய் திறந்தது. அன்று வராத குரல் இன்றும் வரவில்லை. சட்டைப் பையில் இருந்த ஸ்பேனரை ஏனோ இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். தங்கை அவனைத் தூக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. பினாயிலக்காவை வழியனுப்ப வாசலுக்கு நடந்தாள்.

அழுதுகொண்டிருந்த பினாயிலக்காவுக்குச் செருப்பில் கால் நுழையவில்லை. ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தங்கை குனிந்து அதை நிமிர்த்தி, இரண்டையும் சேர்த்து, முனை தெருப்பக்கம் பார்க்கும்படி வைத்தாள். அந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

"காலையில வண்டி ஏத்திவிட வா" என்றாள் தங்கை. தெருவைப் பார்த்தபடியே சொன்னாள். பெட்டி இருந்த இடத்தில் கட்டிய கயிற்றோடு அப்படியே இருந்தது. பிறகு வாசல் கதவைச் சாத்தினாள்.