நான் பிடிக்காத விரதம்

முதலில் வந்தது அக்கி. வலது விலாவைச் சுற்றி யாரோ சூட்டுக் கம்பியால் அரைஞாண் கட்டிவிட்டது போலக் கொப்புளங்கள். அதற்கு என்னிடம் நிறைய விளக்கங்கள் இருந்தன. வெயில், புதுச் சவர்க்காரம், பெட்டி தூக்கியது. அச்சுவேலியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருப்பவன் நான். கோயில் திருவிழாவென்றாலும் செத்தவீடென்றாலும் என் பெட்டிகள்தான் போகும். அறிவிப்பதும் நான்தான். ஊரில் பகிடிக்காரன் என்று பெயர். பகிடிக்காரனுக்குப் பெரிய நோய் வருத்தமெல்லாம் வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் மருத்துவர் விலாவைப் பார்த்தார். "ஐயா, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சாலும் அக்கி வரும். எதுக்கும் எச்.ஐ.வி. சோதனையும் ஒருக்காச் செய்து பாப்பம்."

"எனக்கு ஐம்பத்திரண்டு வயசு, டொக்டர்."

"கிருமி அடையாள அட்டை பாக்கிறேல்லை, ஐயா."

என்னைவிட நல்ல பகிடிதான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் சோதனையில் கிருமி உண்டென்று வந்தது. உறுதிப்படுத்தும் சோதனையும் (முதல் விடை சரியா என்று வேறு முறையில் பார்ப்பது) அதையே சொன்னது. எப்படி வந்தது என்று நீங்கள் இப்போது கேட்பீர்கள். பிரஷர்காரரிடம் போய் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள்.

மருத்துவர் எல்லாவற்றையும் பொறுமையாக விளங்கப்படுத்தியிருக்க வேண்டும். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது நோயின் பெயர் மட்டும். மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது என் மரண அறிவித்தலை எழுதத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் ஒரு சிக்கல் புரிந்தது. அறிவிப்பது யார்? நானே பதிந்து வைத்துவிட்டுப் போனால், என் குரலைக் கேட்ட சனம் பகிடியென்று நினைத்துச் செத்தவீட்டுக்கு வராமல் விட்டுவிடும்.

வீட்டில் நானும் அக்காவும்தான். நான் கல்யாணம் கட்டாதவன். அத்தான் காலமான பிறகு, அவருடைய வீட்டில் எனக்கும் சேர்த்து உலை வைப்பவர் அக்கா. சாவதைவிட எனக்கு வேறொரு பயம் பெரிதாக இருந்தது. தெரிந்தால் அக்கா என்னை அந்த வீட்டில் வைத்திருப்பாரா?

அதனால் நானே என்னை ஒதுக்கிக்கொண்டேன். சோறு போடும் கோப்பையும் தேத்தண்ணிப் பேணியும் புதிதாக வாங்கி, கழுவித் தனியே கவிழ்த்தேன். துவாயைத் தனிக் கொடியில் போட்டேன். முன் அறையில் பாய் விரித்துப் படுத்தேன். விடியமுதல் எழும்பித் தலையில் தண்ணீர் வார்த்தேன். பயத்தில் பசியும் போய்விட்டது. மீன் குழம்பைத் தள்ளி வைத்தேன். இது நடந்தது கந்தசஷ்டி தொடங்கும் கிழமையில் என்பதை யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

அக்கா யோசித்தார். வீட்டுக்கு மஞ்சள் தண்ணி தெளித்தார். பானை சட்டியெல்லாம் சைவத்துக்கு மாறின. எங்கள் குடும்ப வைபர் குழுவில் குரல் பதிந்து அனுப்பினார். "தம்பி இந்த முறை விரதம் பிடிக்கிறான். நான் ஒண்டும் சொல்லேல்லை. தானாத் திருந்தியிருக்கிறான்."

லண்டனிலிருந்து கும்பிடும் கைகள் வந்தன. பாரிஸிலிருந்து முருகன் படம். கனடாவில் இருக்கும் மச்சான் மட்டும் சந்தேகப்பட்டான். "உவனோ? இளநி விரதமோ மிளகுத்தண்ணி விரதமோ எண்டு கேளுங்கோ மச்சாள். இல்லாட்டிச் சந்தியிலை கொத்து ரொட்டியோ?"

கொத்து ரொட்டிதான். ஒருநாள் பசி திரும்பியபோது சாவகச்சேரி வரை போய், தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்தேன். சாகப்போகிறவன் முட்டை போட்டதாகக் கேட்டு வாங்கினான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விரதம் முடிக்கும் பாரணையன்று அக்கா அயலாரைச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார். குழுவுக்கு அனுப்ப என்னைப் படம் எடுக்கவும் ஆயத்தம். எனக்கு நெற்றியில் திருநீறு பூச வந்த கையைப் பிடித்தேன்.

"அக்கா, இது விரதமில்லை. எனக்கு எச்.ஐ.வி."

அக்கா கையை இழுக்கவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் நீ மச்சம் மாமிசம் சாப்பிட்டனியோ?"

"ஒரே ஒருநாள்."

"வைபரிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே தம்பி." அதன்பிறகுதான் அழுதார். நானும் அழுதேன். அயலார் வந்து எங்கள் பக்தியைக் கண்டு உருகிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த கிளினிக்குக்கு அக்கா என்னோடு வந்தார். நான் கேட்காமல் விட்டதையெல்லாம் அவர் மருத்துவரிடம் கேட்டார்.

"என்ரை பேணியிலை இவன் தேத்தண்ணி குடிச்சா என்ன நடக்கும், பிள்ளை?"

"தேத்தண்ணி முடிஞ்சுபோகும், அம்மா. வேறை ஒண்டும் நடக்காது."

பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், பாவித்த ஊசி, தாயிடமிருந்து பிள்ளை. பரவும் வழிகள் இவ்வளவுதான் என்றார். நாளுக்கு ஒரு மருந்துக் குளிசை, அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. ஒழுங்காகப் போட்டால் வைரல் லோட் (இரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு) கருவிக்கே பிடிபடாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படியே வைத்திருந்தால் உடலுறவாலும் இன்னொருவருக்குப் போகாது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் பேணியை எடுத்துத் தன் பேணியோடு கவிழ்த்தார். பிறகு கேட்டார். "விரதம் எண்டு பொய் சொல்லிப்போட்டன். திருத்தட்டோ? நீ வேண்டாம் எண்டா விடுறன்."

ஓம் என்று சொல்ல எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

"தம்பிக்கு விரதமில்லை, எச்.ஐ.வி. மருந்து போடுறான். ஆரும் ஒப்பாரி வைச்சு போன் எடுக்க வேண்டாம். நீங்களும் ஒருக்கா இரத்தம் குடுத்துப் பாருங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்லை" என்று அக்கா குழுவுக்குப் பதிந்து அனுப்பினார்.

எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று திரை காட்டியது. ஒரு பெரியப்பாவின் மகன் குழுவை விட்டு விலகினார். இன்றுவரை திரும்பவில்லை. அது எனக்கு நோகவில்லை என்று சொல்லமாட்டேன். பிறகு கனடா மச்சான் ஒரு படம் போட்டான். அவனும் மனைவியும், முழங்கை மடிப்பில் பஞ்சு. "நாங்கள் குடுத்திட்டம். அடுத்தது ஆர்?"

அதன்பிறகு தனிச்செய்திகள் வரத் தொடங்கின. "அண்ணை, என்ரை சிநேகிதன் ஒருத்தனுக்கு ஒரு சந்தேகம்." எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இப்படி ஒரு சிநேகிதன் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. ஊரில் இருக்கும் சிலரோடு நானே கூடப்போனேன். கிளினிக் விறாந்தையில் காத்திருக்கும்போது அவர்களுக்கு என் மரண அறிவித்தலைச் சொல்லிக்காட்டுவேன். பெரும்பாலானோருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்கு இருந்தது. அவரும் குளிசை போடுகிறார், என்னைவிட ஒழுங்காக.

போவதா விடுவதா என்று யோசிக்கும் உங்களுக்கும் சொல்கிறேன். சோதனை செய்வதால் வருத்தம் வருவதில்லை. இருந்தால் மருந்து வருகிறது, அவ்வளவுதான். பயத்தை நான் உங்களுக்கும் சேர்த்துப் பட்டாயிற்று.

போன முறை மருத்துவர் கிருமி பிடிபடவில்லை என்றார். பிறகு முகத்தைச் சுளித்தார். "ஆனா ஐயா, கொலஸ்ரோல் கூட. இப்பிடியே போனா வயசான காலத்திலை கஷ்டப்படுவியள்."

"எந்தக் காலத்திலை?"

"வயசான காலத்திலை."

மூன்றாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்க வெட்கமாக இருந்தது. என் உடம்பு முழங்கால் தேய்ந்து, பல் விழுந்து, கண் மங்கிப் போகப்போகும் உடம்பு. இதைவிட நல்ல சேதி நான் ஒலிபெருக்கியில்கூட அறிவித்ததில்லை.

அன்று மத்தியானம் அக்கா விளைமீன் பொரித்திருந்தார். கொலஸ்ரோல் கதையைச் சொல்லி முடிக்க முன்னம் அக்காவின் கை நீண்டது. நான் பாதி கடித்து வைத்திருந்த துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "உனக்கு இனி அவிச்சதுதான்" என்றார் அக்கா.