முடிவு பார்க்காத படம்

மலையிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீரில் கேரட் கழுவும்போதுதான் வீரம்மாவுக்குப் படக்கதை வரும். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், இப்போது ராகலையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுகிறார்.

"வெள்ளக்காரப் புருசன் பொண்டாட்டி. புள்ளைய எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். போலீசுக்குப் போனா கொன்னுருவேன்னு போன்ல சொல்றான்" என்பார் பக்கத்து வீட்டு லோஜினியிடம். ஈரக் கேரட்டைக் காதில் வைத்து, அந்தத் தாயைப் போலவே வாயடைத்து நிற்பார்.

"புள்ள கெடைச்சிச்சா பெரியம்மா?"

"நாங்க எங்க முடிவு பாத்தோம்?"

பல வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்குத் தமிழ்ப் படம் பார்க்கத்தான் நுவரெலியாவுக்குப் போனார்கள். தியேட்டரில் படத்தை மாற்றிவிட்டார்கள். கறுப்பு வெள்ளையில் ஆங்கிலப் படம். கணவர் பழனியாண்டிக்கும் ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் காதருகே விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார்: "அந்தத் தொப்பிக்காரன நம்பாத புள்ள." திரையில் அந்தத் தாய் படியேறி ஓடினாள். வீரம்மாவும் மனதால் கூடவே ஓடினார். மடியைத் தொட்டால், மூன்று வயது மகன் யோகேஸ்வரன் இல்லை.

தான் கத்தியது அவருக்கு நினைவில்லை. விளக்குகள் எரிந்தன. பழனியாண்டி நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்து தேடினார். பிள்ளையோ வாசலில், டிக்கெட் கிழிப்பவரின் மடியில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான். அதற்கப்புறம் உள்ளே போக இருவருக்கும் கால் வரவில்லை.

பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்த மனைவிக்குப் பழனியாண்டி பஸ்ஸிலேயே ஒரு முடிவு கட்டிச் சொன்னார். சாகும்வரை புதிது புதிதாய்ச் சொன்னார். "எந்த முடிவுல வேணும்னாலும் பாரு, புள்ள கெடைச்சிரும். அவருக்கு வேற மாதிரி சொல்லத் தெரியாது" என்பார் வீரம்மா. அப்போது மட்டும் முகம் இளகும்.

இந்தப் பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வந்த யோகேஸ்வரன், எப்படியோ தேடிப்பிடித்து அந்தப் படத்தைப் போனில் கொண்டுவந்திருந்தார். முன்தலை வழுக்கை விழுந்த மனிதர்.

"கடைசிய மட்டும் போடவாம்மா?"

"மொதல்லருந்து போடு."

கட்டிலில் இருவரும் அருகருகே உட்கார்ந்து பார்த்தார்கள். கடைசியில் பிள்ளை தாயிடம் ஓடி வந்தது. "அப்பா சொன்னது சரிதான்" என்றார் வீரம்மா மெல்ல.

தேத்தண்ணி போடலாமென்று யோகேஸ்வரன் எழப் பார்த்தார். முடியவில்லை. குனிந்து பார்த்தார். அவருடைய சட்டை நுனி அம்மாவின் கைப்பிடிக்குள் கசங்கிக் கிடந்தது.