வாயு லிங்கத்திடம் கேட்டது

என் அப்பா ஒரு சின்ன விமான நிலையத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டினார். வேங்கிக்காலில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக மூன்று பஸ் மாற வேண்டும். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் அது. பிறகு பல வருஷம் ஊர்க்காரர்கள் அதில் வேர்க்கடலை காயவைத்தார்கள். எனக்கு ஏழு வயதானபோது வேலி போட்டு, கோடு வரைந்து, தினம் ஒரு விமானம் விட்டார்கள். அப்பா அங்கேயே தங்கிவிட்டார்.

"வண்டியோட நான் நின்னாதான் பாப்பா, பிளேனே எறங்கும்" என்பார் போனில், பெருமையாக. அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கும் வரவில்லை. மலையில் தீபம் தெரிந்ததும் ஊரே மொட்டைமாடியில் கும்பிட்டது. நான் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ் வரும் சாலையைப் பார்த்து நின்றேன்.

அடுத்த ஞாயிறு காலை அம்மாவோடு கிரிவலம் போனேன். அம்மா அக்னி லிங்கத்தில் கற்பூரம் ஏற்றி, அப்பாவின் வண்டிக்கு வேலையே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். நான் வாயு லிங்கம் வரும்வரை பொறுத்திருந்தேன். காற்றில்லாமல் விமானம் எப்படிப் பறக்கும்? யாரிடம் எதைக் கேட்பது என்று ஒரு முறை இருக்கிறதல்லவா! பிளேனை நிறுத்திவிடு, உன்னைப் பதினோரு சுற்று சுற்றுகிறேன் என்றேன்.

பொங்கல் முடிந்ததும், ஏற ஆளில்லை என்று விமானத்தை நிறுத்திவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்தார். நான்கு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். ஐந்தாம் நாள் அவர் பையை எடுத்தார்.

"பிளேன்தான் இல்லியேப்பா!"

"திரும்ப விட்டாலும் விடுவாங்கமா. அதுவரைக்கும் தெனம் வண்டிய ஸ்டார்ட் பண்ணி பம்புல தண்ணி பீச்சிப் பாக்கணும். மத்தவங்கள எல்லாம் வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. நானும் வாட்ச்மேனும்தான் இருக்கோம்."

அம்மா கேட்டதும் நடந்தது, நான் கேட்டதும் நடந்தது, அப்பா மட்டும் போய்விட்டார். சாமி மேல் வந்த கோபத்தில் அந்தப் பதினோரு சுற்றை நான் சுற்றவே இல்லை.

முன்பெல்லாம் அப்பாவின் போனில் கதை இருக்கும். ஜன்னல் சீட்டுக்காக அழுத பையன், வணக்கம் வைத்த பைலட். இப்போது "சாப்டியா?" என்பார். சாப்பிட்டேன் என்பேன். பிறகு அந்தப் பக்கம் காற்றுச் சத்தம்தான் கேட்கும். "வேற என்ன பாப்பா?" என்பார். ஒன்றுமில்லை என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு விளையாட ஓடிவிடுவேன்.

நாளுக்கு ஒருமுறை அவருக்கு மனித முகம் காட்டிக்கொண்டிருந்தது அந்த விமானம்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. போனை வைக்க மனமில்லாமல்தான் அவர் "வேற என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பதும் தெரியாது.