பெட்டிக்குள் கழிந்த வாரண்டி

“பில்லுல இருக்கிற தேதிய உன் படிப்பு மாத்திருமா, மோளே?” என்று அப்பா கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. கொச்சங்காடி மசாலாக் கிடங்கில் மூட்டை சுமக்கிறவர் அவர். எதையும் தூக்கும் முன் தன்னால் முடியுமா என்று பார்த்துக்கொள்வார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பட்டமும் வாங்கியவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. அதனால் கேள்வி சுருக்கென்றது.

விஷயம் அக்காவின் ஃப்ரிட்ஜ். தை மாதம் கல்யாணம் என்றால் சீர் சாமானை ஓணத் தள்ளுபடியிலேயே வாங்கி வைத்துவிடுவது எர்ணாகுளம் பக்கம் குடியேறிய எங்கள் தமிழ் ஆட்களின் வழக்கம். அப்பாவும் அதைத்தான் செய்தார். சீர்ப் பெட்டியை மாமியார் வீட்டில்தான் பிரிக்க வேண்டும். ஆகவே மட்டாஞ்சேரியில் எங்கள் ஒற்றை அறையில் அந்த அட்டைப்பெட்டி கல்யாணம் வரை நின்றது. மேலே துணி மடித்து வைத்தோம். யாராவது வந்தால் அம்மா துணியை எடுத்துவிடுவாள், பெட்டி தெரிய வேண்டுமே. உள்ளே வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. படித்த எனக்கும்தான்.

அடுத்த ஓணம் கழிந்த சில வாரங்களில், சுள்ளிக்கல்லில் அக்கா வீட்டில் அது குளிர்வதை நிறுத்தியது. கம்பெனியிலிருந்து வந்த மெக்கானிக் சேட்டன், ஃப்ரிட்ஜின் பின்சுவருக்குள் புதைத்த குழாய் கசிகிறது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். கடை மேனேஜர் அந்தச் சீட்டைத் தொடக்கூட இல்லை. பில்லை மட்டும் பார்த்துவிட்டு, வருஷம் ஒன்று கழிந்துவிட்டது, புதுசு எடுத்தால் பழையதற்கு ஏதாவது குறைத்துத் தரலாம் என்றார். ஓடியது பத்து மாதம்கூட இல்லை என்றேன். “பெட்டிக்குள்ள வெச்சது நிங்கள் அல்லே?” என்று சிரித்தார்.

அக்காவின் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் குப்பிகள் அந்த ஃப்ரிட்ஜில்தான் இருந்தன. இப்போது பக்கத்து வீட்டில். கையிலிருப்பது தீர்ந்தால் அத்தை அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். யாரிடமும் ஒரு குடம் தண்ணீர்கூடக் கேட்டு அறியாதவர். ஒரு முறை பக்கத்து வீட்டார் ஒரு கல்யாணத்துக்காக வைப்பின் தீவுக்குப் போய்விட்டார்கள். கதவில் பூட்டு. அத்தை ஊசி போடாமலே இருந்து, மறுநாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். “உங்க வீட்டுச் சீர் என்னை அடுத்த வீட்டுப் படி ஏற வெச்சிருச்சு” என்று அக்காவிடம் சொன்னாராம். போனில் இதைச் சொன்ன அக்கா, அவங்க சொல்றதுலயும் தப்பில்லடி என்றாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள்.

நான் சட்டத்தை மலையாளத்தில் தேடிப் படித்தேன். வாரண்டி முடிந்ததாலேயே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அந்தக் குழாய்க் கசிவு செய்யும்போதே இருந்த குறை என்று காட்ட முடிந்தால் நுகர்வோர் கமிஷனிடம் முறையிடலாம். கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்தது புகார். பில் அப்பா பெயரில் இருந்தது, அவரோ கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். தான் கொடுத்த சீரைத் தானே குறை சொன்னால் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது என்பது அவர் கவலை. அதை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை.

மறுபடி படித்தேன். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் புகார் கொடுக்கலாம் என்று இருந்தது. சீராகக் கொடுத்ததைவிட வேறென்ன சம்மதம் வேண்டும்? சுள்ளிக்கல்லுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் அடுக்களைப் பக்கம் பார்த்தாள். அங்கே கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அத்தை, என்ன ரகசியம் என்று கேட்டார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். “நீ எதுக்கு அழற? ஃப்ரிட்ஜை நீயா செஞ்ச?” என்றார் அக்காவிடம். பிறகு என்னைப் பார்த்து, “அதுல இருந்தது என் மருந்து. என் பேரையும் எழுது” என்றார்.

அங்கேயே உட்கார்ந்து மலையாளத்தில் எழுதினேன். எனக்கு எழுத அதுதான் வாகு. பத்தி பத்தியாக உரக்கப் படித்தேன். பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றதை மட்டும் எழுத வேண்டாம் என்றார் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து, இல்ல, அதுவும் இருக்கட்டும், உள்ளதுதானே என்றார். இருவரும் கையெழுத்திட்டார்கள்.

ஜெயிப்போமா என்று தெரியாது. புகாரை எர்ணாகுளம் மாவட்டக் கமிஷனுக்கு ஆன்லைனில் பதிந்துவிட்டேன். விசாரணை நாள் எப்போது வந்தாலும் எனக்கு விடுப்பு வேண்டும் என்று அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன்.