தைலம் என்று நினைத்தது

விடுதியின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரார் படுத்தெழுந்த விரிப்புகளில் எந்தக் கறையைக் கண்டாலும் முகம் சுளிக்காதவள். அப்படிப்பட்டவளுக்குத் தன் உடம்பே குமட்டத் தொடங்கியது.

மாதவிலக்கு நின்றதிலிருந்து உடம்பு உலையாகிவிட்டது. உள்ளேயிருந்து தீ கிளம்பி முகம்வரை ஏறும்; ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டும். தூக்கம் போயிற்று. "எல்லாருக்கும் வர்றதுதானே, உனக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு?" என்று நாத்தனார் அவள் வாயை அடைத்தாள்.

கொம்பு முளைக்கவில்லை, தாடையில் கருகருவென்று முடி முளைத்தது. ஐம்பது வயதில் முகமெல்லாம் பரு. "அக்கா, மீசைய அத்தான்கிட்ட கடன் வாங்கினீங்களா?" என்று துணி மடிப்பவள் சிரித்தாள். இவளும் கூடச் சிரித்துவிட்டு, அழுகையோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "ஆம்பள ஹார்மோன் ஏறியிருக்கு. வீட்டுக்காரர் ஏதாவது ஜெல் பூசுறாரா?"

"தோள்வலிக்குத் தைலம் பூசுவாருங்க. சட்டையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும். ஆனா தைல வாசனைதான் வராது."

அது தைலமே இல்லை. பேருந்து ஓட்டிச் சோர்ந்த மனுஷனுக்கு, 'வாலிபம் திரும்பும்' என்று பலகை மாட்டிய ஒரு கடைக்காரன், ஒரு சொட்டு ரத்தம்கூட எடுத்துப் பார்க்காமல் ஆண் ஹார்மோனை விற்றிருக்கிறான். பூசிய தோளோடு அவர் அணைத்துப் படுக்க, அவள் தோலிலும் அது ஊறியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அவரை நிறுத்திவைத்துக் கேட்டாள்.

"சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார் புருஷன்.

"வெக்கப்பட்டவரு ஒரு பனியனாவது போட்டுப் படுத்திருக்கலாம்ல! த்தூ!"

இருவரும் அந்தக் கடைக்குப் போனார்கள். அவளைப் பார்த்ததும் அவன் பல்லிளித்தான். "லேடீஸுக்கும் தனியா ஒண்ணு இருக்கும்மா, தரட்டுமா?" பிறத்தியார் வாசலில் எச்சிலைக்கூடத் துப்பாமல் விழுங்கி நிற்பவள், அன்று காறித் துப்பிவிட்டு வந்தாள்.

டாக்டரம்மா ஜெல்லை நிறுத்தச் சொன்னார். சில வாரம் கழித்துக் காலைவேளையில் இரண்டு தடவை அவருக்கு ரத்தம் பார்த்தார்கள். ஹார்மோனில் குறையொன்றுமில்லை, குறட்டையில் மூச்சுத் தடைபட்டுத் தூக்கம் கெட்டதுதான் சோர்வுக்குக் காரணம். "குறைவா இருந்தா இதே மருந்தை நானே தருவேன். அப்பவும் பூசின எடத்த மூடி, கைய நல்லாக் கழுவணும்" என்றார் அவரிடம்.

அவளிடம், மார்பில் கட்டி, காலில் ரத்தக்கட்டு ஏதும் வந்ததுண்டா என்று விசாரித்தார். இல்லையென்றதும், தோலில் ஒட்டும் பெண் ஹார்மோன் பட்டையும், கர்ப்பப்பைக்குக் காப்பாக ஒரு மாத்திரையும் எழுதினார்.

"இந்த உடம்புச் சூட்டுக்கு மருந்து இருக்குன்னு இத்தன நாளா ஒருத்தரும் சொல்லலியே டாக்டர்!" அருவருப்பு இப்போது ஊரின்மேல் திரும்பியது.

உலை அடங்கியது, தூக்கம் வந்தது, பருவும் வடிந்தது. சில முடிகள் மட்டும் போகவே இல்லை. பிடுங்கும்போதெல்லாம் அந்தக் கடைக்காரனை வாய் நிறையத் திட்டுவாள். புருஷனுக்குப் பாய் இன்னும் கூடத்தில்தான்.