ஒரே கட்டத்து மழை

எங்கள் வானிலை அலுவலகத்தில் அக்காவுக்கு வேலை, கணினி பெய்விக்கும் மழையை மழைமானி அளந்த மழையோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது. குறை சொல்லக்கூடச் சம்பளம் தருகிறார்கள் என்று நான் கேலி செய்வேன். தெருவில் யாராவது, "துணி காயப்போடலாமா?" என்று கேட்டால், "முப்பது வருஷ சராசரிப்படி போடலாம்" என்பார். நம்பிப் போட்டவர்கள் மறுபடி கேட்டதில்லை.

காலநிலை மாதிரி என்கிற அந்தக் கணினிக் கணக்கு, பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரே மழை என்று வைத்துக்கொள்ளும். எங்களிடம் இருந்த மாதிரியில் கட்டங்கள் பெரியவை. ஊரை ஒட்டி நிற்கும் மலையையே பூசி மெழுகி மேடாக்கிவிடும். வானம் பொத்துக்கொண்டு ஊற்றுவதும் அதற்கு வராது. எப்போது பார்த்தாலும் தூறல்தான். மலைக்கு இந்தப் பக்கம் மழையில் நனையும் நாங்கள், அந்தப் பக்கம் காய்ந்த பூமி. மாதிரியில் இரண்டும் ஒரே கட்டம்.

அந்தக் காய்ந்த பூமியில்தான் அக்காவின் வீட்டுக்காரர் செங்கல் சூளை மேஸ்திரி. மழை பெய்தால் சூளையில் வைக்காத பச்சைக் கல் கரைந்துவிடும், வேலை நிற்கும், அவர் வீட்டுக்கு வருவார். பெய்யாவிட்டால் வரமாட்டார். அங்கே பெய்வதோ அபூர்வம். அக்கா வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து அவருடைய சட்டைகளை மடிப்பார், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பார். எனக்கே பார்க்கப் பொறுக்காது.

போன மாதம் சின்னக் கட்டங்கள் வைத்த புது மாதிரி வந்தது. அது சரியா என்று சொல்ல வேண்டியவர் அக்கா. ஓட்டிப் பார்த்தார். திரையில் மலை மலையாகவே நின்றது. இந்தப் பக்கம் கனமழையின் கருநீலம், அந்தப் பக்கம் மழையில்லாத வெறும் வெள்ளை. தூறல் கோளாறு கொஞ்சம் மிச்சமிருந்தது; ஆனால் அதுவும் மலையைத் தாண்டவில்லை. மழைமானிக் கணக்கும் அதையே சொன்னது. அக்கா குறை தேடினார். என்றுமில்லாமல், ஒரு பெரிய குறை கிடைக்காதா என்று ஆசைப்பட்டுத் தேடினார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"அங்க மழை ஏதாவது வருதா?"

"வெயில் மண்டையப் பொளக்குது. ஏன்?" அவர் குரல் எனக்கே கேட்டது.

"சும்மாதான். சாப்பிட்டீங்களா?"

போனை வைத்துவிட்டு, 'புதியது சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப பழசை அழிச்சிரட்டுமாக்கா?" என்றேன். எனக்கு இடம் பொருள் ஏவல் தெரியாது.

பழைய படத்தைத் திறந்தார். ஒரே கட்டம், இளநீலம், அதற்குள் நாங்களும் அவரும்.

"இன்னைக்கு வேண்டாம்பா. இதுலயாவது அவரு பக்கம் கொஞ்சம் தூறிட்டுப் போகட்டும்."