மணி அடிக்காத வெள்ளிக்கிழமை

கம்பத்தில் ஏறியவர் இறங்கிவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் சுவிட்சைப் போடுவேன். எழுபதுகளின் தொடக்கத்தில், பாலக்கோடு தாலுகாவில் ஒரு சின்னத் துணை மின்நிலையத்தில் நான் ஆப்பரேட்டராக இருந்தபோது அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. இன்று சொன்னால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அன்று எங்களில் ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை.

சட்டம் என்னவோ ஒழுங்காகத்தான் இருந்தது. லைன்மேன் நேரில் வந்து 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வேலை முடிந்ததும் அவரே திரும்பி வந்து, கையெழுத்துப் போட்டு, சீட்டை என் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் மின்சாரம் விடலாம். ஆனால் லைன் இருந்தது ஒன்பது மைலுக்கு அப்பால். மேட்டுப் பாதை, ஓட்டைச் சைக்கிள். அவர் வந்து சேர்வதற்குள் எங்கள் கேட்டில் விவசாயிகள் கூடிவிடுவார்கள். மாரண்டஹள்ளிச் சந்தைக்குக் காய் ஏற்றுகிறவர்கள். மோட்டார் ஓடாவிட்டால் செடி துவண்டுவிடும். "நீங்க கரண்ட வுடறீங்களா, நாங்களே உள்ள வந்து போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. நகரத்தில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர் ஒருநாள் அந்தக் கேட்டில் வந்து நின்றிருக்க வேண்டும்.

ஆகவே நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பன்னிரண்டேகாலுக்கு மின்சாரம் வரும் என்று காலையிலேயே பேசி முடித்து, வேலை முடிந்ததற்கான கையெழுத்தையும் அப்போதே வாங்கிவிடுவேன். லைன்மேனிடம் கைக்கடிகாரம் இல்லை. அதற்கும் வழி இருந்தது. அந்த லைன் எங்கள் ஊரைச் சுற்றித்தான் ஓடியது. எங்களுடையது கத்தோலிக்க ஊர். கோயிலில் நண்பகல் பன்னிரண்டுக்குத் திரிகால மணி அடிக்கும். எங்கள் சாமியார் நிமிஷம் பிசகாதவர். மணி கேட்டதும் லைன்மேன் இறங்கிவிட வேண்டும். கால் மணி நேரம் கழித்து நான் சுவிட்சைப் போடுவேன். மின்நிலையம் வரை மணி கேட்காது, எனக்குச் சுவர்க்கடிகாரம்தான்.

"நீங்க சாமிக்கு மணி அடிக்கறீங்க தம்பி, எனக்கு அது சோத்து மணிங்க" என்பார் அவர். நாற்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்றாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். என் கையெழுத்தைக் கோழி கிளறினதா என்று கேட்டுச் சிரிப்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

வேறு காவலே இல்லாமல் இல்லை. கம்பியை மண்ணோடு சேர்த்துக் கட்டும் சங்கிலி ஒன்று உண்டு. அது போட்டிருந்தால் யாராவது தவறி மின்சாரம் விட்டாலும் மேலே இருப்பவர் பிழைத்துக்கொள்வார். அந்தச் சங்கிலி அறுந்து, புதிது கேட்டு எழுதிப் பல மாதம் ஆகியிருந்தது. டெலிபோன் அந்தப் பக்கமே கிடையாது. இப்படி ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் மீதி இருந்தது கோயில் மணி மட்டும்தான். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததையே எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை எனக்குப் பகல் டியூட்டி. முந்தின இரவுக் காற்றில் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒன்று உடைந்திருந்தது. லைன்மேன் காலையில் வந்து சீட்டு வாங்கினார். "பன்னண்டேகாலுங்களா?" என்றார். "ஆமாங்கண்ணா" என்றேன். நான் உபவாசம். மூன்று மணிக்குக் கோயிலில் சிலுவை முத்தி செய்யப் போக வேண்டும், மாற்று ஆள் நேரத்துக்கு வருவானா என்பதிலேயே என் நினைப்பு இருந்தது.

பெரிய வியாழன் இரவு பூசையில் அடித்த பிறகு, ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு வரை எங்கள் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள். ஆண்டவர் மரித்த துக்கம். மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் தெருவைத் தாண்டாது. அந்த நாட்களில் அதுவரை லைன் வேலை விழுந்ததில்லை, அவருக்கு இது தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரியும். முந்தின இரவு அந்த மணி ஓய்ந்தபோது நான் கோயிலுக்குள் முழந்தாளில் இருந்தேன்.

பன்னிரண்டேகாலுக்குச் சுவிட்சைப் போட்டேன். மீட்டர் முள் துள்ளியது, சுவிட்ச் தானாக விழுந்தது. ஏதோ கிளை உரசியிருக்கும் என்று நினைத்தேன். அப்படி விழுந்தால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். போட்டேன். மறுபடி விழுந்தது. எந்தத் தடவையில் அவர் உயிர் போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கீழே கயிறு பிடித்துக்கொண்டிருந்த கூலியாள் பிறகு என்னிடம் சொன்னார்: "நெழலு காலடிக்கே வந்திருச்சுங்க. நேரமாயிருச்சு போல, எறங்குங்கண்ணான்னு சொன்னேன். மணி இன்னும் அடிக்கல, இந்த ஒரு போல்ட்ட முடுக்கிட்டு வந்தர்றேன்னாருங்க." உச்சிக்கு வந்த வெயிலைவிட எங்கள் மணியை அவர் நம்பியிருக்கிறார்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். சீட்டில் நேரம் இருந்தது, வேலை முடிந்ததாக லைன்மேன் போட்ட கையெழுத்தும் இருந்தது. ஆகவே குறித்த நேரத்துக்குப் பிறகும் கம்பத்தில் இருந்தது அவருடைய அஜாக்கிரதை என்று எழுதிக்கொண்டார். எங்கள் வழக்கம் அந்த அதிகாரிக்குத் தெரியும். அந்தப் பிரிவில் தெரியாதவர் யார்? "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். மணியைப் பற்றிச் சொன்னால் வழக்கம் வெளியே வரும், என் வேலை போகும். "இல்லீங்க சார்" என்றேன்.

பின்னாளில் பெரிய மின்நிலையங்களில் எது எப்போது பழுதாகும், அதனால் யாருக்கு என்ன ஆபத்து என்று கணிக்கிற வேலையிலேயே என் காலம் போனது. நம்பகத்தன்மை, இடர் மதிப்பீடு என்று அதற்குப் பெயர்கள் வந்தன. பக்கம் பக்கமாகப் படிவங்கள் நிரப்பினேன். கெட்டிக்காரன் என்று பெயரும் எடுத்தேன். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

விசாரணை முடிந்த ஒரு வாரத்தில் லைன்மேனின் மனைவி மின்நிலையத்துக்கு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அவரு மேலதான் தப்புன்னு எழுதிட்டாங்களாமுங்க. குடிச்சிட்டு ஏறிட்டாருன்னு ஊருக்குள்ள பேசறாங்க. அவரு அதத் தொட்டதே இல்லீங்க. புள்ளைங்க வந்து கேக்குதுங்க, நான் என்னான்னு சொல்லட்டும்? நீங்க தெனமும் அவருகூட இருந்தவரு. நீங்க சொல்லுங்க. அவரு மேல தப்புங்களா?"

நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். எழுதிக்கொள்ள எந்த அதிகாரியும் இல்லை. 'இல்லை' என்ற ஒரு சொல்லைத்தான் அவர் கேட்டு வந்திருந்தார்.

"எனக்குத் தெரியலீங்கக்கா" என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்களாச்சும் தப்புன்னு சொல்லலியே. அது போதுங்க" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.